தாளம் கிணற்றடியில்

எங்கள் வீட்டில் பாட்டு ஹோலுக்குள்ளும் தாளம் கிணற்றடியிலும் நடந்தன. சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் எழுபதுகளில் திருகோணமலையில் பொப் பாட்டு ஒன்றை ரேப் நாடாவில் பதிய வேண்டும், கையில் இருப்பதோ ஒரே ஒரு மைக் என்றால் வேறு வழி கிடையாது. சத்தம் குறைந்தவர் மைக்குக்குக் கிட்ட, சத்தம் கூடியவர் தூர. எங்கள் அப்பா மிகவும் சத்தம் கூடியவர். வாயால் அல்ல. வாயால் அவர் ஒரு நாளைக்கு இருபது சொல் பேசினாலே அதிகம்.

குழுவில் நாலு பேர். மாமா, அதாவது அம்மாவின் ஒரே தம்பி, கிற்றார் அடித்துப் பாடுவார். பாட்டுக் கட்டுவதும் அவர்தான். துறைமுகத்தில் கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் லோஞ்சுப் படகில் அவருக்கு வேலை. லிங்கநகரிலிருந்து சைக்கிளில் வரும் ஓர் அண்ணர் இரண்டாவது கிற்றார். கிண்ணியாவிலிருந்து துறை கடந்து வரும் முஸ்லிம் அண்ணர், எங்களுக்கு ‘நானா’, மவுத் ஓர்கன். அப்பா தாளம். குழுவுக்கு நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று இருந்தது. மாமாவைத் தவிர வேறு ஒருவரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஊருக்கு அவர்கள் ‘டொக்யாட் பெடியள்’. அப்பாவுக்கு அப்போது நாற்பது தாண்டிவிட்டது. என்றாலும் பெடியன்தான்.

அப்பா கப்பல் திருத்தும் டொக்யாட்டில் தச்சு வேலை பார்த்தார். பீப்பாய்ப் பலகையைச் சீவி, ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டி, சோடி மேளம் ஒன்றைத் தன் கையாலேயே செய்திருந்தார். மாரியில் தோல் தொய்ந்துபோகும். சிரட்டை நெருப்பில் காட்டிக் காட்டி அதை விறைக்க வைப்பார். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் நெருப்பும் வேண்டாம், விரல் பட்டாலே வெடிக்கும். கலியாண வீடுகளில் அந்த அடி கேட்டால் கிழவர்களும் கதிரையை விட்டு எழும்பி இடுப்பில் கை வைப்பார்கள். அடிக்கும்போது அப்பாவின் முகத்தில் ஒன்றும் தெரியாது. வேலியைப் பார்த்துக்கொண்டு அடிப்பார். மனிதர் வீட்டில் பேசாததையெல்லாம் அதில்தான் பேசுகிறார் என்று அம்மா சொல்வதுண்டு.

முதலில் அவர்கள் சின்ன இசைத்தட்டு ஒன்று போட்டார்கள். பக்கத்துக்கு ஒரு பாட்டு. ரேடியோவில் அது போன அன்று எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் ஒரே சத்தம். இரண்டு கிற்றார், ஒரு மவுத் ஓர்கன், மாமாவின் குரல், எல்லாவற்றுக்கும் மேலே அப்பா. மாமா அதோடு திருப்திப்பட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. தேயிலை ஏற்ற வந்த கப்பல் ஒன்றின் சமையல்காரன் அவருக்கு உறையில்லாத பெரிய தட்டு ஒன்றைக் கொடுத்தான். என்ன பாஷை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதில் பாட்டு ஒரு கிற்றாரோடு தொடங்கும். பிறகு வயலின் வரும். ஒன்றல்ல, ஒரு கூட்டம். அதற்குப் பின்னால் புல்லாங்குழல், கடைசியில் ட்ரம்பட். மாமா ஒரு கிழமையாக, ஏழு நாளும், அதையே போட்டுப் போட்டுக் கேட்டார். சோற்றில் கை வைத்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார்.

“அத்தான், நாங்கள் இவ்வளவு நாளும் சனத்துக்குப் பாணும் சம்பலும்தான் குடுத்திருக்கிறம்,” என்றார் ஒருநாள். “நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒருநாளாவது புரியாணி போடவேணும்.”

அப்பா பேக்கரிப் பாணும் தேங்காய்ச் சம்பலும் விரும்பிச் சாப்பிடுகிறவர். “பாணுக்கே விடிய எழும்பிக் கியூவில நிக்கிறம், உனக்குப் புரியாணி கேக்குது,” என்று அம்மாதான் சொன்னார்.

கொழும்பில் இசைத்தட்டுப் போடும் முதலாளி ஒருவர் சம்மதித்தார். இந்த முறை பெரிய தட்டு, பத்துப் பாட்டு. வயலின்காரர்களையும் மற்றவர்களையும் பிடித்து, அவரவருக்குச் சுர நொட்ஸ் எழுதிக் கொடுக்க ஒரு வயதான மாஸ்டர் இருந்தார். மாஸ்டர் ஒரு நிபந்தனை போட்டார். பத்துப் பாட்டையும் முதலில் ரேப்பில் பதிந்து தனக்கு அனுப்ப வேண்டும். அதைக் கேட்டுத்தான் எந்தப் பாட்டுக்கு என்ன வாத்தியம், யார் வாசிப்பது என்று தீர்மானிப்பார். ஆகவே ரேப்பில் யாருடைய சத்தம் கேட்கிறதோ அவர்தான் தட்டிலும் இருப்பார். மாமா இதை நாலைந்து தரம் எல்லாருக்கும் சொன்னார். பத்து வயதுப் பிள்ளையான நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன், மற்றவர்களை விடக் கவனமாகவே கேட்டேன்.

ஏனென்றால் எனக்கும் அந்த ரேப்பில் ஒரு வேலை இருந்தது. மாமாவுக்கு நொட்ஸ் எழுதத் தெரியாது. வயலின் எங்கே நுழைய வேண்டும், எப்படி வளைய வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் கிடந்தது. அதை மாஸ்டருக்கு எப்படித் தெரிவிப்பது? ஒரே வாயால் பாட்டையும் பாடி வயலினாகவும் இருக்க ஏலாது. அதனால் என்னைக் கூப்பிட்டு, “பிள்ளை, இனி நீதான் வயலின்,” என்றார். நான் வயலினைத் தொட்டதில்லை. கோயில் கச்சேரி ஒன்றில் தூரத்திலிருந்து கண்டதுதான். ‘லா லா’ என்று அவர் சொல்லித் தந்த மெட்டை, அவர் கண்ணைக் காட்டும்போது பாட வேண்டும். பத்துப் பாட்டிலும் இடைவெளிகளெல்லாம் என்னுடையவை. இரண்டு கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு வயலின் பாடம் நடந்தது.

நாலு வளர்ந்த மனிதர்கள் என் லா லா முடியும்வரை காத்து நின்றார்கள் என்பது என் தலையை நன்றாகவே வீங்க வைத்தது. வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன். மாஸ்டர் என் குரலைக் கேட்டதும் ‘இந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்’ என்று கட்டாயம் எழுதுவார் என நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். எந்தச் சட்டையோடு ஸ்டேஷனில் கொழும்புக் கோச்சி ஏறுவது என்பதும் முடிவாகிவிட்டது.

பதிகிற நாள் ஒரு சனிக்கிழமை. சுங்கத்தில் வேலை செய்த ஒருவரின் ரேப் ரெக்கோடர். பகல் சாப்பாட்டுக்கு முதல் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பதிந்த ரேப்பைக் கொழும்புக்குக் கொண்டுபோக நானாவின் மச்சான் லொறியோடு சந்தியில் காத்து நின்றார். மைக்கைக் கூட்டுகிற தும்புத்தடி ஒன்றின் நுனியில் கட்டி, தடியைக் கதிரையில் கட்டி, ஹோலின் நடுவில் வைத்தார்கள். மாமா அதற்கு ஒரு முழத் தூரத்தில். மற்றக் கிற்றார் இரண்டு முழம். நானா சுவரோடு. நான் மைக்குக்கு மறு பக்கத்தில், ஒரு பெட்டியின் மேல். கோழிகளும் அம்மாவும் சத்தம் போடாதிருக்கப் பின்கதவு சாத்தப்பட்டது.

பிரச்சினை அப்பா. முதலில் அவரை ஹோலின் மூலையில் இருத்திப் பார்த்தார்கள். ரேப்பில் மேளத்தைத் தவிர ஒன்றும் இல்லை. வெளியே அனுப்பினார்கள். “அத்தான், இன்னும் கொஞ்சம் பின்னுக்கு,” என்று மாமா கத்தக் கத்த, அப்பா மேளத்தைத் தூக்கித் தூக்கிப் பின்னால் போனார். கடைசியில் கிணற்றடி வந்துவிட்டது. குளிப்பதற்காகக் கிணற்றைச் சுற்றித் தென்னோலைக் கிடுகால் மறைப்பு கட்டியிருந்தோம். அதற்குள் போய் இருந்ததும்தான் அளவு சரி வந்தது. கிணற்றுப் பக்கத்து யன்னல் வழியாக மேளம் பதமாக உள்ளே வந்தது.

ஆனால் மறைப்புக்குள் இருந்தவருக்கு ஒன்றும் தெரியாது. கச்சான் காற்று தென்னோலைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது, பாட்டும் சரியாகக் கேட்காது. இதற்கு அப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார். மீன் பிடிக்கும் தங்கூசி நூலை எடுத்து, ஒரு நுனியை மாமாவின் கால் பெருவிரலில் கட்டி, பின்கதவின் கீழால் விட்டு, முற்றத்தைக் கடந்து கொண்டுபோய் மறு நுனியைத் தன் பெருவிரலில் கட்டிக்கொண்டார். மாமா தாளத்துக்குக் காலை ஆட்டினால் அப்பாவின் விரல் இழுபடும். அவர் அதற்கு அடிப்பார். அதைப் பார்த்து அம்மா, “ரெண்டு பேரையும் கயித்தில கட்டவேணும் எண்டு நான் எப்பவோ சொன்னனான்,” என்றார்.

ஒரு பாட்டைச் சோதனைக்குப் பதிந்து போட்டுக் கேட்டார்கள். மாமாவின் குரல் சுத்தம். கிற்றார் சுத்தம். மேளம் வேண்டிய அளவு. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை. என் லா லா எங்கேயோ அடியில் கிடந்தது. மேளம் அதன்மேல் ஏறி நடந்துகொண்டிருந்தது. மாமாவிடம் சொன்னேன். “காணும் பிள்ளை, மாஸ்டருக்கு விளங்கும்,” என்று சொல்லிவிட்டு, பத்துப் பாட்டையும் பதிவதற்காக ரேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றினார்.

மாஸ்டருக்கு விளங்குவது மட்டும் எனக்குப் போதாது. கேட்கவும் வேண்டும். எல்லாரும் கிற்றாருக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்த நேரம் நான் பெட்டியிலிருந்து இறங்கிப் போய்க் கிணற்றுப் பக்க யன்னலின் பலகைக் கதவை இழுத்துச் சாத்திக் கொக்கி போட்டேன். அவசரத்தில் செய்யவில்லை, யோசித்துத்தான் செய்தேன். யாராவது கேட்டால் காற்று மைக்கில் ஊதுகிறது என்று சொல்ல ஒரு பதிலும் வைத்திருந்தேன். கேட்டது மாமா மட்டும். சொன்னேன். “கெட்டிக்காரி,” என்று தலையைத் தடவினார். அதற்குப் பிறகு அவர் கண் மூடிப் பாடுகிறவர். கண்ணைத் திறந்தது என்னைப் பார்த்துத் தலையாட்ட மட்டும்தான். மற்ற இருவரும் மாமாவின் காலைப் பார்த்தே வாசித்தார்கள்.

பத்துப் பாட்டும் அப்படியே பதிந்தன. வெளியே கிடுகு மறைப்புக்குள் அப்பா பெருவிரலில் நூலைக் கட்டிக்கொண்டு, பாட்டே கேட்காமல், இரண்டு மணித்தியாலம் மேளம் அடித்தார். முடிந்ததும் ஒருவரும் திருப்பிப் போட்டுக் கேட்கவில்லை, நேரம் இல்லை. ரெக்கோடர் ஒரு பக்கம் போனது. ரேப் லொறியில் போனது. அப்பா கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, “எப்பிடி?” என்று கேட்டார். “அந்த மாதிரி அத்தான், திறம்,” என்றார் மாமா.

மூன்று கிழமையில் மாஸ்டரின் கடிதம் வந்தது, இங்கிலீஷில். மாமா அதை ஹோலில் நின்று தமிழில் வாசித்தார். பாட்டுகள் நன்றாக இருக்கின்றனவாம். சின்னப் பிள்ளை பாடிய இடங்களையெல்லாம் நாலு வயலினுக்கு எழுதிவிட்டாராம். மூன்று பாட்டில் புல்லாங்குழல், இரண்டில் ட்ரம்பட். இன்ன திகதிக்கு வரவும். இவ்வளவுதான் மாமா வாசித்தது. பிள்ளையைக் கூட்டி வரச்சொல்லி எங்கே எழுதியிருக்கிறது என்று நான் கேட்டேன். இல்லை என்றார். என்னுடைய மெட்டை வயலின்காரர் வாசிப்பதென்றால் நான் எதற்கு என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். மூன்றாம் நாள் இறால் குழம்பு வைத்தார்கள்.

அப்பா டொக்யாட்டில் லீவு எடுத்தார். அம்மா அவருக்குப் புதுச் சேட் ஒன்று தைப்பித்தார். மேளங்கள் இரண்டையும் பழைய சேலையில் சுற்றி, அதன்மேல் சாக்கு சுற்றி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். போவதற்கு முதல் நாள் நாலு பேரும் துறைமுகத்தில் நின்று, தட்டின் உறைக்காகப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தில் அப்பா மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு கமராவை நேராகப் பார்க்கிறார். அவர் சிரித்த படம் எங்களிடம் அது ஒன்றுதான்.

கொழும்பில் நடந்ததை மாமா எனக்குச் சொன்னது பதினைந்து வருடத்துக்குப் பிறகு, பாலையூற்றில் ஒரு கலியாண வீட்டுப் பந்தலில். மாஸ்டரின் கடிதத்தில் இன்னொரு வரி இருந்திருக்கிறது. தாளத்துக்கு இங்கே நல்ல ஆள் ஒருவரை ஒழுங்கு செய்துவிட்டேன் என்று. காரணம் எழுதவில்லை. அப்பாவின் அடியைக் கேட்டு மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் மாமா நினைத்தார். அதை அத்தானிடம் எந்த வாயால் சொல்வது? நேரில் போனால் சமாளிக்கலாம் என்று அந்த வரியை விட்டுவிட்டு மற்றதை வாசித்திருக்கிறார். ஸ்ரூடியோவுக்குள் போனபோது பளபளவென்ற ட்ரம்ஸுக்குப் பின்னால் ஏற்கனவே ஒருவர் இருந்தார். மாஸ்டர் அப்பாவைக் காட்டி, இவர் யார் என்று கேட்டாராம். மாமாவுக்கு அவரோடு வாதாடத் தைரியம் வரவில்லை. எங்கட அத்தான், துணைக்கு வந்தவர் என்றாராம். எனக்கு அவரில் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு ஒரு யோக்கியதையும் இல்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

இரண்டு நாளும் அப்பா ஸ்ரூடியோ வாசலில் கிடந்த மர வாங்கில் இருந்திருக்கிறார். சாக்கு மூட்டை காலடியில். திரும்பி வரும் கோச்சியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். “மாஸ்டர் பத்துப் பாட்டையும் கேட்டவர்தானே?” ஓம் என்று மாமா சொல்ல, “அப்ப சரி,” என்றாராம். பத்துப் பாட்டையும் முழுதாகக் கேட்டு, அதற்குப் பிறகுதான் தன்னை வேண்டாம் என்றிருக்கிறார் என்று அப்பா அதை எடுத்துக்கொண்டார். அவர் நீதி பார்க்கிற மனிதர். கேட்டுச் சொன்ன தீர்ப்பு என்றபடியால் அதை ஏற்றுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தவர் எனக்கு ரிப்பன் தந்தார், அம்மாவுக்கு ஒரு சோடி கண்ணாடிக் கிளாஸ் தந்தார். அடிச்சீங்களா அப்பா என்று கேட்டேன். தலையை ஒரு மாதிரி ஆட்டினார். நான் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டேன். மேளங்களைச் சாக்கோடு குசினிக் கூரையின் வளையில் கட்டித் தொங்கவிட்டார்.

மாரி தொடங்கும்போது தட்டு வந்தது. உறையில் நாலு பேரும் நிற்கிறார்கள், பின்னால் நாலு பேர் பெயரும். ஒழுங்கையே எங்கள் ஹோலுக்குள் வந்து நின்றது. மாமா ஊசியை வைத்தார். முதலில் ஒரு கிற்றார். பிறகு என் லா லா, நாலு வயலினில். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ரேப்பில் மூன்றாவது பாட்டில் நான் ஒரு தாளத் தட்டுப் பிந்தி நுழைந்திருந்தேன். மாஸ்டர் அதையும் ஒரு அழகு என்று எண்ணி எழுதியிருக்க வேண்டும். நாலு வயலினும் ஒற்றுமையாகப் பிந்தி நுழைந்தன. இன்றைக்குக் கேட்டாலும் அது நல்ல தட்டுத்தான். மாமாவின் தலைக்குள் இருந்தது அப்படியே வெளியே வந்திருக்கிறது. அதில் யாருக்கும் சந்தேகம் இருக்க ஏலாது.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. படித்தவர்கள் தலையாட்டினார்கள். மீன்வாடிப் பக்கத்து ஆட்களோ, இதுக்கு ஆட ஏலாது, இருந்து அழத்தான் ஏலும் என்றார்கள். நானாவின் மவுத் ஓர்கன் இரண்டு பாட்டில்தான் இருந்தது. அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. “மத்தப் பாட்டெல்லாம் புல்லாங்குழல். அதுவும் ஊதுறதுதானே,” என்றார். ஆனால் எல்லாரும் ஒரே குரலில் பாராட்டியது தாளத்தை. அளவாக, மெதுவாக, வயலினுக்கு வழி விட்டுவிட்டு அது பின்னால் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துச் சங்கீத ரீச்சர் ஒழுங்கையில் அப்பாவை மறித்து, இப்பதான் நீங்கள் பதமா அடிக்கப் பழகியிருக்கிறியள் என்று மனதாரச் சொன்னார். அப்பா ஓம், ஓம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அதோடு அவர் மேளத்தைத் தொடவில்லை. வெருகலில் ஒரு கலியாண வீட்டுக்குக் கேட்டு வந்தார்கள். மணிக்கட்டு நோகுது என்றார். இன்னொரு வீட்டுக்கும் அதையே சொன்னார். அம்மா எண்ணெய் காய்ச்சிப் பூசினார். டொக்யாட்டில் நாள் முழுக்கச் சுத்தியல் பிடிக்கிற கைக்கு மேளம் மட்டும் ஏன் நோகிறது என்று அம்மா ஒருநாள் கேட்டார். அப்பா எழும்பிப் போய்விட்டார். மாமா குழுவுக்கு வேறு ஆள் தேடத் தொடங்கினார். எங்கள் வீடு வெறிச்சென்று போனது. எனக்கு அது பிடிக்கவில்லை என்றாலும், என் கவலை வேறாக இருந்தது.

என் கவலை வகுப்பில் இருந்தது. தட்டில் உன்ர குரல் எங்கே என்று ஒருத்தி கேட்டுவிட்டாள். எல்லாப் பிள்ளைகளும் கேட்டுப் பார்த்தார்களாம், இல்லையாம், நான் புளுகியாம். மழையில் நனைந்து அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா தாழ்வாரப் பத்தியில் இருந்து பலகை சீவிக்கொண்டிருந்தார். கண்ட முதல் ஆள் அவர் என்றபடியால் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன்.

“நான் இல்லாட்டி அந்த வயலினே இல்லை அப்பா. உங்கட மேளம் என்ர சத்தத்தை அமத்திப்போட்டுது. நான் யன்னலைச் சாத்தினபடியாத்தான் மாஸ்டருக்கு என்னைக் கேட்டது. ஒருத்தருக்கும் அது தெரியேல்லை.”

சீவுளி நின்றது. “எந்த யன்னல்?”

“கிணத்தடி யன்னல்.”

“எப்ப சாத்தினனீ?”

“சோதிச்சுப் பாத்தாப் பிறகு. பதிய முந்தி.”

“பத்துப் பாட்டுக்கும் சாத்தியே இருந்ததோ?”

ஓம் என்றேன். அவர் முகம் மாறிய விதத்தைப் பார்த்ததும் என் அழுகை நின்றுவிட்டது. அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை. இன்றைக்கு அந்த வழக்கம் மாறப்போகிறது என்று ஒரு பக்கமாக நகர்ந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நேரே குசினிக்குள் போய், வளையிலிருந்து சாக்கை அவிழ்த்து, மேளங்களை எடுத்தார். தோல் ஈரத்தில் தொய்ந்து கிடந்தது. அடுப்படியில் குந்தியிருந்து சிரட்டை நெருப்பு மூட்டி, அதைக் காட்டிக் காட்டி விறைக்க வைத்தார். அம்மா ஏதோ கேட்டார். அவர் நெருப்பை ஊதினார். பிறகு என்னைக் கூட்டிப் போய் ஹோலின் நடுவில், அன்று மைக் இருந்த இடத்தில் நிறுத்தி, யன்னலையும் பின்கதவையும் சாத்தினார். அசையாமல் நின்று கேள் என்று சொல்லிவிட்டு, தூறலுக்குள் கிணற்றடிக்குப் போனார்.

கொஞ்சம் பொறுத்துத் திரும்பி வந்தார். “கேட்டதோ?”

“ஆரோ தூரத்தில மா இடிக்கிற மாதிரி.”

“மேளம் எண்டு விளங்கிச்சுதோ?”

இல்லை என்றேன். மறுபடி போனார். இன்னும் பலமாக அடித்திருக்க வேண்டும், வரும்போது மூச்சு வாங்கியது. அதே கேள்வி. அதே பதில். மூன்றாம் முறையும் போய்விட்டு, தலையெல்லாம் நனைந்து வந்து வாசலில் நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவு தூரம் பாடுபட்டு அடிக்கிற மனிதரிடம் கேட்கவில்லை, கேட்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிருப்பது சரியில்லை என்று பட்டது. செய்த பிழைக்கு ஒரு ஆறுதலாவது சொல்வோம் என்று நினைத்தேன்.

“இப்ப வடிவாக் கேட்டது அப்பா,” என்றேன்.

அவர் முகம் அணைந்துபோனது. கையிலிருந்த மேளத்தை மெதுவாக நிலத்தில் வைத்தார். “மேளம் எண்டே விளங்கிச்சுது?” என்று, கேட்கப் பயந்தவர் போலக் கேட்டார்.

நான் பயந்துபோனேன். “இல்லை அப்பா, பொய் சொன்னனான். ஒண்டும் கேக்கேல்லை. ஒரு பாட்டுக்கும் கேட்டிராது.”

அப்பா சிரிக்கத் தொடங்கினார். நான் அதற்கு முன் கேட்டிராத சிரிப்பு. வாசல்படியில் இருந்துகொண்டு, ஈரக் கையால் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் வழியச் சிரித்தார். கேட்கவே இல்லை என்று திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தரமும் சொல்லச் சொன்னார். பிறகு மேளத்தை எடுத்துக்கொண்டு, யன்னலைத் திறந்துவிட்டு, மழையைப் பார்த்தபடி அடிக்கத் தொடங்கினார்.

நான் குசினிக்குள் ஓடிப்போய், அப்பாவுக்குக் காய்ச்சல் போல இருக்கு, வந்து பாருங்கோ என்று அம்மாவிடம் சொன்னேன்.